“அக்கா, ஒண்ணுமே வரல”: வெளிச்சத்தை வைத்து வேலை செய்யும் லேபில் கோளாறு தேடும் வழி

காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே வராந்தாவில் யாராவது ஒருவர் நின்றுகொண்டு இதைத்தான் சொல்வார்கள். வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் ஆப்டிக்ஸ் லேபில் பதினோரு வருடமாக இருக்கிறேன், முதலில் ஆராய்ச்சி மாணவியாக, இப்போது கருவிகளுக்குப் பொறுப்பாளராக. தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருவதைப் படித்து, உள்ளே ரத்தம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, எந்த அடுக்கு எங்கே தடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மூன்று மேஜைகள். ஒன்றில் திசுவின் உள் அடுக்குகளை வெளிச்சத்தால் படமாக்கும் 840 நானோமீட்டர் ஓசிடி, ஒன்றில் திரும்பும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும், ஃபைபர் புரோப் மாட்டிய ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒன்றில் லேசர் பட்டுச் சிதறும் வெளிச்சத்தின் நிற மாற்றத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் கருவி. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிடவில்லை, ஆனால் நான் ஊரில் இல்லாத நாளிலும் இது கையில் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வருவார்களோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கோளாறு எதுவாக இருந்தாலும் முதல் அரை மணி நேரம் எந்தத் திருகையும் தொடாதீர்கள். ஒரு மிரருக்கு இரண்டு திருகு, நான்கு மிரர் என்றால் எட்டு. எட்டில் இரண்டைத் திருகிவிட்டாலே, முதலில் இருந்த கோளாறோடு நீங்கள் உண்டாக்கியதும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. எங்கள் லேபில் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு பையன் தனியாக உட்கார்ந்து எட்டையும் திருகிவிட்டான். உண்மையான காரணம் பெட்டியின் மூடி சரியாக மூடாததால் லேசரின் இன்டர்லாக் வெளிச்சத்தை விடவில்லை என்பதுதான். மூடியை அழுத்தியதும் லேசர் வந்துவிட்டது, அலைன்மென்ட் திரும்ப வர ஒன்பது நாள் ஆனது.

ஆகவே வெளிச்சம் புறப்படும் இடத்திலிருந்து திரை வரை, அது போகிற வழியிலேயே நீங்களும் போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பவர் மீட்டரை வைத்து எண்ணை எழுதுங்கள். எங்கே எண் விழுகிறதோ அங்கேதான் கோளாறு.

போவதற்கு முன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பச்சை லேசருக்கு வாங்கிய கண்ணாடி 785 நானோமீட்டர் லேசருக்கு உதவாது, சட்டத்தில் அச்சடித்திருக்கும் அலைநீளத்தைப் படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். 785-ம் 840-ம் கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், அதைப் பார்த்து ‘கம்மியாத்தான் இருக்கு’ என்று நினைக்கவே கூடாது. நம் கண்ணுக்கு அந்த நிறம் சரியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான், விழித்திரையில் விழும் சூடு குறையவில்லை. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி டிராயரில் வையுங்கள். கண்ணாடி வளையலில் பட்டுத் தெறித்த கீற்று எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஃபைபர் முனையை ஒருநாளும் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், ‘ஆஃப்லதான் இருக்கு’ என்று நீங்கள் நம்பும்போதும் சரி.

“அக்கா, ஒண்ணுமே வரல”

திரை வெறுமையாக இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, வெளிச்சம் புறப்படவே இல்லையா, வழியில் நின்றுவிட்டதா, வந்தும் கேமரா பார்க்கவில்லையா என்பது.

சாவி, இன்டர்லாக், ஷட்டர், லென்ஸ் மூடி. இந்த நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள், நினைவை நம்பாதீர்கள். அப்புறம் ஐஆர் கார்டை (அகச்சிவப்பு வெளிச்சம் பட்டால் மின்னும் அட்டை) வழியில் நீட்டினால் வெளிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி மின்னும். சில கார்டுகளுக்கு முதலில் ட்யூப்லைட் வெளிச்சம் காட்டினால்தான் அந்தப் புள்ளி தெரியும், இருட்டு டிராயரிலிருந்து நேராக எடுத்தால் தெரியாது. இந்தச் சின்ன விஷயத்தால் லேசர் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபைபரில் அதிகம் நடப்பது கனெக்டர் மாறிப்போவது. பச்சைத் தலை கொண்டது ஏபிசி, அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீலத் தலை பிசி, சாய்வில்லாதது. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டினால் மாட்டிக்கொள்ளும், இறுகியும் விடும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து பாதி வெளிச்சம் அங்கேயே போய்விடும், மீதியில் கொஞ்சம் திரும்பி ஓடி லேசரையும் தொந்தரவு செய்யும். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம்.

ஓசிடியில் ஒன்றுமே வரவில்லை என்றால் ஒவ்வொரு கையாக மறைத்துப் பாருங்கள். இந்தக் கருவியில் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து ஒன்று சாம்பிளுக்கும் ஒன்று ரெஃபரன்ஸ் மிரருக்கும் போய்த் திரும்பிச் சேர்கிறது, இந்த இரண்டு வழிகளைத்தான் கை என்கிறோம். சாம்பிள் பக்கத்தை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்தால் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மலை மாதிரி வழவழப்பான வளைவு ஒன்று தெரிய வேண்டும். 12 பிட் கேமராவுக்கு உச்ச எண் 4095, அதில் முக்கால் பங்கு வரை அந்த மலை நின்றால் நல்லது. மலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் வெளிச்சம் அதிகம். மலையே இல்லையென்றால் கோளாறு ரெஃபரன்ஸ் கையில் அல்லது அதற்கும் முன்னால். மலை இருக்கிறது, ஆனால் இரண்டையும் திறந்தபோது அதன் மேல் நெளிநெளியான அலை வரவில்லை என்றால், இரண்டு கைகளின் நீளம் பொருந்தவில்லை. எங்கள் கருவி பார்ப்பது 2 மில்லிமீட்டர் சொச்சம் ஆழம்தான். சாம்பிள் அதற்கு வெளியே நின்றால் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தும் படம் வராது. அப்போது விரலை வைத்துத் தேடாதீர்கள், விரல் அசையும். ஒரு செலோ டேப் சுருளை வைத்து மெதுவாக உயரத்தை மாற்றுங்கள். அடுக்கடுக்காக இருப்பதால் எந்த இடத்தில் பட்டாலும் கோடு கோடாகத் தெரியும், சரியான உயரம் பிடிபட்டதும் விரலுக்குப் போகலாம்.

“நேத்து இருந்ததுல பாதிதான் இருக்கு”

இதற்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். 840-க்கான ஒற்றை மோட் ஃபைபரில் வெளிச்சம் ஓடும் பாதை சுமார் 5 மைக்ரான் அகலம், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூடி போடாமல் ஒரு மதியம் விட்டாலே போதும். கழற்றும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, ஃபைபர் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். துடைக்காமல் மாட்டி இறுக்கினால் தூசி முனையிலேயே அரைத்துக் கீறிவிடும், அப்புறம் துடைத்தும் பயனில்லை. ஸ்கோப்பில் பார்க்கும் முன் மறுமுனையில் லேசர் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், இன்னொருவர் சொன்னதைக் கேட்டு நம்ப வேண்டாம்.

தூசி இல்லையென்றால், ஃபைபர் எங்காவது மடங்கியிருக்கிறதா, யாராவது நாற்காலியை அதன் மேல் நகர்த்தினார்களா என்று தரையோடு தரையாகப் பாருங்கள். ஓசிடியில் இன்னொன்றும் உண்டு. இரண்டு கையிலும் வெளிச்சம் முழுதாக இருக்கும், ஆனால் அலை மட்டும் பாதியாக இருக்கும். ஃபைபர் கொஞ்சம் புரண்டாலும் உள்ளே போலரைசேஷன், அதாவது வெளிச்ச அலை அதிரும் திசை, மாறிவிடும், இரண்டு கையின் போலரைசேஷனும் ஒத்துப்போகாதபோது அவை கலக்காது. அதைச் சரிசெய்ய ஃபைபரைச் சுற்றி வைத்திருக்கும் அந்த மூன்று வட்டத் துடுப்புகளை ஒவ்வொன்றாக மெல்லத் திருப்பி அலை பெரிதாகும் இடத்தில் விட்டுவிடுங்கள். திருகைத் தொடாதே என்று சொன்னேன், இது அந்தக் கணக்கில் வராது. ஆனால் தொடும் முன் துடுப்புகள் நிற்கும் கோணத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

“கூடிக் கூடிக் குறையுது”

கத்திரி வெயில் நாளில் இதைக் கட்டாயம் கேட்பீர்கள். வெளியே 40 டிகிரியைத் தாண்டும், உள்ளே ஏசி மூச்சு விடாமல் ஓடும். பவர் மீட்டரை லேசருக்கு நேரே வைத்து, ஒரு மணி நேரம் பதிவு செய்துவிட்டு வரைந்து பாருங்கள். மேலும் கீழுமாக அலை வந்தால், ஒரு அலைக்கு எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். அப்புறம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஏசி கம்ப்ரஸர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்து எழுகிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் லேசரில் கோளாறு இல்லை, அறைக்காற்று மிரர் தாங்கிகளை நீட்டிச் சுருக்குகிறது. மேஜையைச் சுற்றித் தெர்மோகோல் பலகை வைத்துக் காற்று நேரே படாமல் செய்வதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஏசியைக் காலை 7 மணிக்கே போட்டுவிட்டு, லேசரையும் அரை மணி நேரம் சூடேற விட்டு, அதற்கு அப்புறம்தான் எண்ணை நம்ப வேண்டும்.

நிலைப்படுத்தாத லேசர் டயோடு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் 785-ல் 0.3 நானோமீட்டர் என்றால் ராமன் கோடு கிட்டத்தட்ட 5 செ.மீ⁻¹ (ராமன் கோடுகளை அளக்கும் அலகு) தள்ளிப்போகும், புற்றுத்திசுவுக்கும் நல்ல திசுவுக்கும் உள்ள வேறுபாடாக நாம் தேடுவது பல சமயம் அந்த அளவில்தான் இருக்கும். மே மாதத்தில் எடுத்ததையும் டிசம்பரில் எடுத்ததையும் ஒப்பிட்டு ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று யாராவது ஓடி வந்தால், முதலில் கருவியின் அளவைச் சரிபார்க்க அன்றைக்கு எடுத்த சிலிக்கான் ரீடிங்கைக் கேட்பேன். சிலிக்கான் கோடு 520.7-ல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மீதி எதையும் பேச வேண்டியதில்லை.

கரண்ட் போய் யுபிஎஸ் எடுத்த நொடியும் பதிவில் திடீரென்று ஒரு ஏற்றமோ இறக்கமோ விழும். அதை மறைக்காமல், எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

“அக்கா, மூச்சு விடுற மாதிரி ஒரு அலை வருது”

இதில் நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இது மற்றவை மாதிரி வேலையை நிறுத்தாது, பொய்யான உண்மையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும்.

ஒரு மாணவி விரல் நுனியில் எல்ஈடி வைத்து, கேமராவால் நாடியைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். நொடிக்கு 50 படம். நாடி அழகாக வந்தது, நிமிடத்துக்கு 72 என்றால் 1.2 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம். அதற்கும் கீழே, 0.1 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இன்னொரு கோபுரம். ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கி விரியும் அலையும் அந்த இடத்தில்தான் வரும், அதனால் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு மாதம் அதையே தொடர்ந்தாள். பதினான்கு பேரிடம் எடுத்ததில் பன்னிரண்டு பேருக்கு அது வந்தது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் நொடிக்கு 100 முறை துடிக்கும். மின்சாரம் சரியாக 50-ல் நிற்பதுமில்லை. ஒரு நேரம் 49.95 என்று இருந்தால் விளக்கு 99.9 முறை துடிக்கிறது. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவுக்கு அந்த 99.9 எப்படித் தெரியும்? 100-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசமாக, அதாவது 0.1 ஹெர்ட்ஸாகத் தெரியும். விரலுக்குள் இருந்து வந்த மாதிரியே இருக்கும், வந்ததோ கூரையிலிருந்து. நொடிக்கு 30 படம் எடுத்தால் அதே துடிப்பு 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் போய் நிற்கும், அங்கே நின்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். 25-ம் 50-ம்தான் ஆபத்து.

கண்டுபிடிக்கும் வழி எளிது. விரலை வைத்தபடியே எல்ஈடியை மட்டும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். நாடி போய்விடும், போக வேண்டும். அலை போகவில்லை என்றால் அது உடம்பைச் சேர்ந்தது இல்லை. அப்புறம் எல்ஈடியைத் திரும்பப் போட்டு, அறை விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் விரலையும் கேமராவையும் சேர்த்து மூடி, கணினித் திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள். அவள் அப்படி எடுத்தபோது பன்னிரண்டில் மூன்று பேருக்கு மட்டும் அலை அப்படியே இருந்தது, அது நிஜமாகவே அவர்களுடையது. ஒன்பது பேருடையது அறையின் விளக்கு. அழுதாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அப்புறம் ஒவ்வொரு ஆளிடமும் இருட்டுப் பதிவு ஒன்று எடுப்பது எங்கள் லேபில் கட்டாயம் ஆனது, அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

“இந்த அம்மாவுக்கு மட்டும் ரத்தம் ஜாஸ்தியா காட்டுது”

தோலிலிருந்து திரும்பும் வெளிச்சத்தில், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் 415 நானோமீட்டரில் ஒரு பெரிய பள்ளமும், 542, 577 இரண்டிலும் சின்னப் பள்ளங்களும் தோண்டும். ஒருவருக்கு மட்டும் 415 பக்கம் அளவுக்கு மீறிப் பள்ளம் விழுந்து, 542-ம் 577-ம் சாதாரணமாக இருந்தால் அது ரத்தமாக இருக்க வாய்ப்பில்லை. ரத்தம் கூடினால் மூன்றும் சேர்ந்துதான் ஆழமாகும்.

நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் 425 பக்கத்தில் வெளிச்சத்தை விழுங்கும், 415-க்கு அவ்வளவு அருகில். வெள்ளிக்கிழமை காலையில் பூசிக் குளித்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமலேயே தோலில் தங்கியிருக்கும், ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் தெரிந்துவிடும். மருதாணியும் நீலப் பக்கத்தில் இப்படித்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவிய கையில் மேல்தோலின் சிதறல் குறைந்து மொத்த வளைவும் இறங்கும். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் வந்தால் விரலில் சாயம் ஏறியிருக்கலாம். இவை எதுவும் அவர்கள் செய்த தவறு இல்லை. கேட்கும்போது “அம்மா, கையில மஞ்சள், எண்ணெய் ஏதாவது பூசியிருக்கீங்களா, சொன்னீங்கன்னா வேற இடத்துல பார்த்துக்குறோம்” என்று மரியாதையாகக் கேளுங்கள், துடைக்கச் சொல்லி விரட்டாதீர்கள். முழங்கைக்குக் கீழே உட்புறம் பெரும்பாலும் எதுவும் படாத இடம். அங்கே எடுத்துவிடலாம்.

அடுத்தது உங்கள் கை. புரோப்பை அழுத்திப் பிடித்தால் அடியில் உள்ள ரத்தம் விலகிவிடும், 542-ம் 577-ம் ஆழம் குறையும். ஒரே இடத்தில் இரண்டு பேர் எடுத்து இரண்டு விடை வந்தால் இதுதான். தோலை விட்டு எடுத்ததும் வெளிறிய வட்டம் தெரிந்தால் அழுத்தியிருக்கிறீர்கள். புரோப்பைத் தாங்கியில் மாட்டி அதன் எடையை மட்டும் தோலில் விடுங்கள்.

கறுத்த தோலில் சிக்னல் குறைவாக வருகிறது என்று யாராவது அந்த ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். கோளாறு கருவியை நாம் அமைத்த விதத்தில் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நீலம், பச்சைப் பக்கத்தில் நிறைய விழுங்கும், அதனால் பதிவு நேரத்தைக் கூட்டி, அதே நேரத்துக்கு இருட்டுப் பதிவையும் வெள்ளை அட்டைப் பதிவையும் புதிதாக எடுக்க வேண்டும். வெள்ளை அட்டை அந்த நேரத்துக்கு உச்சம் தொட்டுவிட்டால் இரண்டு நேரங்களில் எடுத்து விகிதம் போடலாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 660, 940 என்ற இரண்டு அலைநீளங்களில் வேலை செய்வது. அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் அந்தக் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவருக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தெரிந்தது. நம் ஊர்த் தோலின் நிறங்களை விட்டுவிட்டு எடுத்த தரவை வைத்து நம் ஊர் மக்களுக்கு எந்தக் கருவியும் செய்ய முடியாது.

“ஃபேன்டம் மாறிடுச்சு”

தோலுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் போலித் திசுவைத்தான் ஃபேன்டம் என்கிறோம். ஜெலட்டினில் செய்ததா? வேலூர் மே மாதத்தில், ஏசி நின்ற அறையில், 30 டிகிரியைத் தாண்டினாலே அது இளகத் தொடங்கிவிடும். கோடைக்கு அகர் போடுங்கள், இறுகிவிட்டால் 85 டிகிரி வரை தாங்கும். வெளிச்சத்தைச் சிதறடிக்க டைட்டானியம் டை ஆக்சைடு தூள் போட்டதென்றால் மேல்புறம் ஒரு விடையும் அடிப்புறம் ஒரு விடையும் வரும், ஏனென்றால் இறுகுவதற்குள் தூள் அடியில் தங்கிவிட்டது. ஆற ஆறக் கலக்கிக்கொண்டே இருந்து 45 டிகிரி வாக்கில் ஊற்ற வேண்டும், அதற்கு முன் ஊற்றக் கூடாது. நாள் ஆக ஆகத் தண்ணீர் வற்றிச் சிதறல் கூடும், அதனால் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில். இன்ட்ராலிப்பிட் (பால் மாதிரி வெண்மையான கொழுப்பு) கரைசல் என்றால் அன்றன்றைக்குக் கலக்குங்கள், மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

“படம் தலைகீழா இருக்கு”, “குறுக்கே கோடு ஓடுது”, “மங்கலா இருக்கு”

மூன்றும் ஓசிடி. தலைகீழ் என்றால் சாம்பிள் பூஜ்யக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, கருவியின் கணக்கில் இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும், ஆகவே பிம்பம் மடங்கி விழுகிறது. ரெஃபரன்ஸ் மிரரைக் கொஞ்சம் நகர்த்தி, படம் முழுவதும் ஒரே பக்கம் வரும்வரை கொண்டுவாருங்கள்.

சாம்பிள் மாறினாலும் அதே உயரத்தில் அசையாமல் நிற்கும் கிடைக்கோடு, ஏதோ ஒரு கண்ணாடிப் பரப்பிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம். பின்னணியைப் புதிதாக எடுத்துக் கழித்தால் போய்விடும். நடுவில் செங்குத்தாகப் பளீரென்று ஒரு கீற்று ஓடினால் பரப்பு நேருக்கு நேர் மின்னுகிறது, சாம்பிளை நாலைந்து டிகிரி சாயுங்கள்.

மங்கலுக்கு ஒரு மிரரை சாம்பிள் இடத்தில் வைத்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, கோபுரத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். 840-ல் 50 நானோமீட்டர் பட்டை அகலம் என்றால் காற்றில் 6 மைக்ரான் சொச்சம் வர வேண்டும். 12 வந்தால், இரண்டு கையிலும் உள்ள கண்ணாடியின் தடிமன் ஒத்துப்போகவில்லை அல்லது அலைநீளக் கணக்கு பழையது. யாராவது சாம்பிள் பக்கத்து லென்ஸை மாற்றினார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் அதில்தான் முடியும். ஆழத்தின் அளவைச் சரிபார்க்க 0.17 மில்லிமீட்டர் கவர் கிளாஸ் ஒன்று போதும், படத்தில் அது 0.26-ஆகத் தெரிந்தால் சரி, ஏனென்றால் கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒன்றரை மடங்கு மெதுவாகப் போகிறது.

“எனக்கு வருது, அவளுக்கு வரல”

கருவி ஒன்றுதான், ஆள்தான் வேறு. அப்படியென்றால் முதல் ஆளின் கையில் எழுதப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த முதல் ஆள் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று, அவர் ‘இதெல்லாம் சொல்லவே வேணாம்’ என்று நினைக்கும் ஒவ்வொன்றையும் எழுதுவேன். ஸ்டேஜைக் கீழிருந்து மேலே கொண்டுவருவது, சேவ் செய்யும் முன் இரண்டு மூச்சு காத்திருப்பது, அந்த மாதிரி. பாதிக் கோளாறு அந்தத் தாளிலேயே தீரும்.

கோளாறு ராத்திரியில் தானாக வந்த மாதிரி இருந்தால், நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் யார் உள்ளே வந்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் அட்டெண்டர் அண்ணன் ஆற்காட்டுப் பக்கம். இரண்டு நாள் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கோளாறை, டீ கொண்டுவந்து வைத்தபடியே தீர்த்தார். “இன்னாம்மா, முந்தாநேத்து ஏசிக்காரன் வந்தான்ல, அந்த மேஜை மேல கைய ஊணித்தான் ஏணில ஏறுனான்.” அதிர்வு ஏறாமல் மேஜையைக் காற்றழுத்தத்தில் மிதக்க வைக்கும் காற்றுக் கால் ஒன்று அதில் இறங்கி, தரையில் முட்டிக்கொண்டிருந்தது. மேஜை மிதக்கவில்லை, வெளியே லாரி போனால்கூட அலை நடுங்கியது. ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினால் மேஜை இறங்கி மெதுவாக எழ வேண்டும், எழவில்லை என்றால் மிதக்கவில்லை. இதை நாங்கள் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், அண்ணனிடமும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

யாராவது ஒரு திருகைத் திருகிவிட்டார்கள் என்று தெரிந்தால் திட்டாதீர்கள். சனிக்கிழமை எட்டையும் திருகிய பையன் திங்கட்கிழமை காலை அவனாகவே வந்து, எந்தத் திருகை எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று நினைவிருந்த வரை சொன்னான். அதனால்தான் ஒன்பது நாளில் முடிந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் மாதக் கணக்கு. திட்டு விழும் லேபில் நோட்டுப் புத்தகம் சுத்தமாக இருக்கும், கருவி கெட்டுப்போயிருக்கும்.

“ராமன்ல மலை மாதிரி வருது, கோடு தெரியல”

கண்ணாடி ஸ்லைடில் வைத்திருக்கிறீர்களா? 785-ல் சாதாரணக் கண்ணாடியே 1400 செ.மீ⁻¹ பக்கத்தில் ஒரு பெரிய மேட்டைக் கொடுக்கும், திசுவின் கோடுகள் அதில் புதைந்துபோகும். கால்சியம் ஃபுளோரைடு ஸ்லைடு விலை கூடுதல், அது இல்லாத நாளில் மடிப்பில்லாத அலுமினியத் தாளை ஸ்லைடில் ஒட்டி அதன் மேல் வைக்கலாம். கண்ணாடி இல்லையென்றால் மேடு திசுவின் சொந்த ஒளிர்வு, அதே இடத்தில் லேசரை ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவைத்தால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் திசு கருகுகிறதா என்று கேமராவில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு, ஒரு பதிவில் மட்டும் வந்தால் அது காஸ்மிக் கதிர். எப்போதும் மூன்று பதிவு எடுங்கள், மூன்றிலும் இல்லாததை விட்டுவிடலாம். 532 லேசரில் 485 பக்கத்தில் விடாமல் ஒரு கோடு வந்தால் அறையின் ட்யூப்லைட்டை அணையுங்கள், அது பாதரசத்தின் 546.1 நானோமீட்டர் கோடு. 1928-ல் சி.வி. ராமன் இந்த விளைவின் நிறமாலையைப் பதிவு செய்தபோது பாதரச விளக்குதான் அவருக்கு ஒளி மூலம், அதே பாதரசம் இன்று கூரையிலிருந்து நம் பதிவில் வந்து கலக்கிறது என்று மாணவர்களிடம் சொல்வேன், அதற்கு அப்புறம் அந்த எண்ணை யாரும் மறப்பதில்லை.

“லென்ஸ்ல வலை மாதிரி ஏதோ படிஞ்சிருக்கு”

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது இது. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக இருந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை உடனே தனியாக எடுத்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். தொடக்கத்தில் பிடித்தால் லென்ஸ் தாளில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தால் வந்துவிடும், தாளின் அதே பக்கத்தை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள். அதற்கு முன் ஊதுபந்தால் தூசியை நீக்கியிருக்க வேண்டும். துப்பட்டா, கர்ச்சீப், சட்டை நுனி எதுவும் வேண்டாம். வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங்கையும் தங்கப் பூச்சு மிரரையும் எதைக் கொண்டும் துடைக்கவே கூடாது, காற்று மட்டும். பூச்சையே அரித்துவிட்டிருந்தால் அந்த லென்ஸ் போனது போனதுதான், புதிது கேட்டு எழுதுங்கள்.

மீதி லென்ஸ்களை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீலமாக இருந்த மணிகள் ரோஸ் நிறத்துக்கு வந்தால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப நீலமாகிவிடும். மழைக்காலத்தில் திங்கட்கிழமைதோறும் பாருங்கள், பார்த்த தேதியை டப்பா மூடியிலேயே எழுதுங்கள்.